பழைய அம்பாசிடர், பத்மினியில் பிரேக் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வருஷக்கணக்கில் தெருவோரம் நின்ற காரை வாங்குகிறவர்கள், இன்ஜின் ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பேட்டரி மாற்றி, கார்புரேட்டர் கழுவி, வண்டி ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷத்தில் ரோட்டுக்கு எடுத்துவிடுகிறார்கள். ஆனால் நின்ற வண்டியில் சத்தமில்லாமல் கெட்டுக் கிடப்பது பிரேக்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டருக்குள் துருவாகிறது. வெளியே கடல் காற்று இரும்புப் பைப்பை அரிக்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே சமயத்தில் அடி.

இதைவிட முக்கியமானது ஒன்று. இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்புவது) ஒற்றை வழிதான். இன்றைய கார்களில் ஒரு பாதை உடைந்தாலும் மற்றப் பாதையில் இரண்டு சக்கரமாவது பிடிக்கும். இங்கே ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தால் நான்கு சக்கரமும் போய்விடும். அதனால் வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பிளாட்பெட் ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள். கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையில், பம்ப் அடித்துப் பிடிக்கிற பிரேக்கோடு ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது.

கழற்றுவதற்கு முன்

சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டில் இறக்கி வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. பாரம் ஏறி நிற்கும்போது அவை சொல்லாமல் நொறுங்கும்.

பழைய லைனிங்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்ளே உரசிப் பிடிக்கும் பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மைத் திறந்தவுடன் கம்ப்ரஸர் காற்றை அடிப்பது பட்டறைகளில் பழகிப்போன தப்பு. தூசியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். மாஸ்க் போடுங்கள், பக்கத்தில் குழந்தைகளை நிற்க விடாதீர்கள்.

ஸ்பானர் விஷயம்: அம்பாசிடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது, மரைகள் இன்ச் அளவு. பத்மினி ஃபியட் 1100 வழி வந்தது, மில்லிமீட்டர் அளவு. ஒன்றின் ஸ்பானரை இன்னொன்றில் அழுத்திப் போட்டால் பைப் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். பைப் நட்டுக்கென்றே வாய் பிளந்த ரிங் ஸ்பானர் விற்கிறார்கள், அதை வாங்குவது லாபம்.

பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4. இரண்டும் ஒரே இனம், கலந்தாலும் கெடாது. டாட் 5 என்பது சிலிக்கான். அதை இவற்றோடு கலக்கவே கூடாது. ஏர் எடுக்க (பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற) மட்டும் அரை லிட்டர் போதும், முழுதாக மாற்ற ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சீல் உடைத்து மாதக்கணக்கில் கிடந்த பாட்டில் வேண்டாம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

அறிகுறி 1: பெடல் தரை வரைக்கும் போகிறது

இதில் மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை ஒரு முறை மிதியுங்கள். பிறகு வேகமாக மூன்று, நான்கு முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் அரை நிமிஷம் வைத்திருங்கள். அந்த நேரத்தில் காலுக்கு என்ன தெரிகிறது என்பதைப் பாருங்கள்.

*பம்ப் அடித்தால் பெடல் மேலே வருகிறது, வந்தபின் கட்டியாக நிற்கிறது.* ஷூவுக்கும் (லைனிங் பொருத்திய வளைந்த இரும்பு) டிரம்முக்கும் இடைவெளி அதிகம். ஆயிலிலோ சிலிண்டரிலோ கை வைக்காமல் முதலில் அட்ஜஸ்ட் செய்யுங்கள். செலவு ஒன்றுமில்லை. சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரை (சில வண்டிகளில் டிரம் துளை வழியாக ஸ்க்ரூ டிரைவர் விட்டு, சிலவற்றில் டிரம்மை உள்பக்கம் மூடும் பேக் பிளேட்டின் பின்னாலிருக்கும் தலையை ஸ்பானரால்) சக்கரம் சுற்றாமல் பூட்டும் வரை முறுக்குங்கள். பெடலை ஒருமுறை நன்றாக மிதித்தால் ஷூ நடுவுக்கு வந்து உட்காரும். மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டு, சக்கரம் கையால் தாராளமாகச் சுற்றும் வரை, லேசாக 'சர்' என்று உரசும் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்குப் பின்வாங்குங்கள். அம்பாசிடரின் முன் டிரம்மில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீல் சிலிண்டர் (ஷூவை டிரம்மை நோக்கித் தள்ளுவது), இரண்டு அட்ஜஸ்டர். ஒன்றை மட்டும் முறுக்கிவிட்டு மற்றதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிரேக் பாதிதான் பிடிக்கும்.

அட்ஜஸ்டர் கடைசி வரை போயும் சக்கரம் பூட்டவில்லை என்றால் லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது டிரம்மை அளவுக்கு மேல் கடைந்திருப்பார்கள். டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

*பம்ப் அடித்தால் மேலே வருகிறது, ஆனால் மெத்து மெத்தென்று ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறது.* ஏர் பிடித்திருக்கிறது. ஏர் எடுக்கும் முன், எல்லா அட்ஜஸ்டரையும் சக்கரம் பூட்டும் வரை முறுக்கிவிடுங்கள். வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டு, காற்று ஒளிந்துகொள்ளும் இடம் குறையும். வேலை முடிந்ததும் மறக்காமல் பின்வாங்க வேண்டும்.

வலதுபுற ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தூரத்திலிருக்கும் சக்கரத்தில் தொடங்கி வரிசை இது: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் (வீல் சிலிண்டரிலிருந்து காற்றை வெளியே விடும் திருகு) தெளிந்த பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க விடுங்கள். உதவிக்கு ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்க, பெடல் கீழே வந்ததும் நிப்பிளை மூட, அதன் பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியேறிய காற்று அப்படியே உள்ளே திரும்பும். 'மிதி', 'விடு' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் குழப்பம் வராது. குமிழி நிற்கும் வரை தொடருங்கள். நடுவே மாஸ்டர் சிலிண்டர் தொட்டியில் ஆயில் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. ஒரு தடவை காலியானால் முதலிலிருந்து வேலை.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. ரொம்ப நாள் நின்ற வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாக ஓடும் தூரம் மட்டும் பளபளப்பாக இருக்கும். அதற்கு அப்பால் ஆயில் ஈரத்தால் துரு படிந்திருக்கும். தரை வரை மிதித்தால் ரப்பர் அந்தத் துருவின் மேல் ஏறிக் கிழியும். நேற்று வரை சுமாராகப் பிடித்த பிரேக், ஏர் எடுத்த அன்றே முழுசாகப் போவதற்கு இதுதான் காரணம். பெடலுக்கு அடியில் ஒன்றரை, இரண்டு இன்ச் தடிமன் உள்ள மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

நிப்பிள் துருப்பிடித்துத் திரும்பவில்லையா? துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாள் இரவே விட்டு, தலையில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டு, ஆறு முனை ஸ்பானரால் முயலுங்கள். பலவந்தம் வேண்டாம். முறிந்தால் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டிவரும்.

*கால் வைத்திருக்கும்போதே பெடல் மெதுவாக இறங்குகிறது.* எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டிப் பின்னால் போகிறது. வெளியே எங்கும் ஈரமில்லை, தொட்டியில் ஆயிலும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர்தான், வேறெங்கும் தேட வேண்டாம்.

கழற்றிப் பிரித்து, உள்ளே ஸ்பிரிட்டில் துடைத்து, வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். சுண்டு விரல் நகத்தைச் சுவரில் ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் வாஷர் கிட் போட்டால் போதும். நகம் குழியில் சிக்கினால் கிட் போடுவது காசுக்குத் தண்டம்; சில வாரத்தில் புது ரப்பரும் கிழிந்துவிடும். 'எமரி போட்டு ஏத்திடலாம்ணே' என்று சொல்கிற பட்டறையில் சம்மதிக்காதீர்கள். லேசான கறையை எடுக்கலாம், குழியை எடுக்க முடியாது; எடுக்கப் போனால் துளை பெரிதாகிவிடும். புது சிலிண்டர் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதைச் செய்து பழகிய லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். கடல் காற்றில் நிற்கும் வண்டிக்கு ஸ்லீவ்தான் நீடிக்கும்.

அறிகுறி 2: தொட்டியில் ஆயில் குறைகிறது, கீழே சொட்டு எதுவும் தெரியவில்லை

லைனிங் தேயத் தேய ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்கும், அது மாதக்கணக்கில் நடக்கும். வாரத்தில் குறைந்தால் கசிவு. பார்க்கும் வரிசை இது.

முதலில் டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டர் பின்பக்கம் கசிந்தால் பெடல் கம்பி வழியாக உள்ளே இறங்கி, கார்ப்பெட் உறிஞ்சிவிடும். சில பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தகட்டுக்குக் கீழேயே இருக்கிறது. அந்த மூடியைத் திறந்தே பல வருஷம் ஆகியிருக்கும்.

அடுத்து நான்கு டயரின் உள்பக்கச் சுவரைக் கையால் தடவுங்கள். ஈரமிருந்தால் அந்த டிரம்மில் வீல் சிலிண்டர் கசிகிறது. பின் சக்கரமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம், ஆக்ஸில் சீல் போய் கியர் ஆயிலும் அங்கேதான் வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் அந்த ஈரத்தைத் துடைத்த துணியைப் பிழியுங்கள். தண்ணீரோடு கரைந்தால் பிரேக் ஆயில். மேலே படலமாக மிதந்து, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில்.

பிறகு பிரேக் லைட் சுவிட்ச். பல பழைய வண்டிகளில் இது பைப் லைனிலேயே, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும். ஒயர் மாட்டும் இடத்தில் ஆயில் ஊறியிருந்தால் சுவிட்சை மாற்றுங்கள். சின்னச் செலவு, ஆனால் யாரும் பார்க்காத இடம்.

கடைசியாகப் பைப். வண்டிக்கு அடியில் போய், கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் பைப்பைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். கிளிப்புக்குள் உப்பும் சேறும் தங்கி, வெளியே நன்றாகத் தெரியும் பைப் உள்ளே காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். அம்பாசிடரில் முன் சக்கரத்தின் இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் குட்டிப் பைப் பேக் பிளேட்டுக்குப் பின்னால் சேறு படும் இடத்தில் இருக்கிறது, அதையும் பாருங்கள். பைப் மாற்றுவதானால் காப்பர் நிக்கல் கலவைப் பைப் கேளுங்கள், துரு பிடிக்காது. ஃப்ரிட்ஜ் வேலைக்கு விற்கும் செம்புக் குழாயை வெட்டிப் போட்டுவிடுவார்கள். அது அதிர்வில் இறுகி விரிசல் விடும், ஒத்துக்கொள்ளாதீர்கள். பைப் முனையை விரிக்கும் வேலைக்குச் சரியான டூல் இல்லாதவர் கையில் பிரேக் பைப்பைக் கொடுக்க வேண்டாம். சொந்தமாகவும் முயல வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

*தொட்டி மூடியின் ரப்பர் ஊதிப்போய் இருக்கிறதா?* இது தனிக் கேஸ், செலவும் அதிகம். யாரோ இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். பிரேக் ரப்பர் எதற்கும் அது ஆகாது, எல்லாமே ஊதிவிடும். தொட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் ஆயிலை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். எண்ணெய் மிதந்தால் உறுதி. ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், எல்லா வீல் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ்கள் எல்லாமே புதுசாகப் போட்டு, இரும்புப் பைப்புகளை ஐசோபுரப்பைல் ஆல்கஹால் விட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவினால் அதே வியாதி திரும்ப வரும்.

அறிகுறி 3: பிரேக் பிடித்தது விடவில்லை, சக்கரம் சுடுகிறது

வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் இல்லை என்று இன்ஜினில் கை வைப்பதற்கு முன் இதைப் பாருங்கள். பத்து நிமிஷம் மெதுவாக ஓட்டி, பிரேக் அதிகம் பிடிக்காமல் நிறுத்துங்கள். டிரம்மைக் கையால் தொடாதீர்கள், ஒவ்வொன்றிலும் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். எதில் 'சொர்' என்று ஆவியாகிறதோ அந்தச் சக்கரம்தான்.

*நான்கும் சுடுகிறது.* பெடலைக் கையால் லேசாக அழுத்துங்கள். முதலில் ஒரு சின்ன லூஸ் ஓட்டம் இருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி போதும், பெடலில் அது அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டராகத் தெரியும். அந்த லூஸ் இல்லை என்றால் பிஸ்டன் முழுசாகப் பின்னுக்கு வராது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் ஊசித்துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, போக இடமில்லாமல் ஷூவை அழுத்தும், அதனால் இன்னும் சூடாகும். காலையில் நன்றாக இருந்த வண்டி மின்ட் பகுதியைத் தாண்டுவதற்குள் நகர மறுப்பது இப்படித்தான். பழைய உரிமையாளர் பெடல் உயரமாக வர வேண்டும் என்று கம்பியை நீட்டி வைத்திருப்பார். லாக் நட்டைத் தளர்த்தி, லூஸ் வரும் வரை குறையுங்கள்.

லூஸ் சரியாக இருந்தும் விடவில்லை என்றால் அந்த ஊசித்துளை அடைத்திருக்கும். தொட்டி மாஸ்டர் சிலிண்டரின் தலையிலேயே இருக்கும் வகையில், மூடியைத் திறந்து வைத்து ஒருவரைப் பெடலை மிக லேசாக மிதிக்கச் சொன்னால் ஆயில் மேல் சின்ன ஊற்று எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் அடைப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். ஆயில் கண்ணில் தெறித்தால் எரியும்.

*ஒரு சக்கரம் மட்டும்.* அதன் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுதலையானால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் ஹோஸ். ரப்பர் ஹோஸ் வெளியே புதுசு மாதிரி இருந்தாலும் உள்ளே ஊதி, ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வு போல ஆகிவிடும். மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பாது. ஒன்றை மாற்றாதீர்கள், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்றையும் மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயசு. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் கோளாறு டிரம்முக்குள்: பிஸ்டன் இறுகியிருக்கும், ஷூ ஸ்பிரிங் முறிந்திருக்கும், அல்லது அட்ஜஸ்டர் அதிகம் முறுக்கியிருக்கும்.

*பின் இரண்டும்.* ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். விட்டால் கேபிள். விடாவிட்டால் பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஒற்றை ஹோஸ்.

*முன்னால் டிஸ்க் மாற்றிய வண்டி, முன் இரண்டு மட்டும்.* டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் லைனில் கொஞ்சம் அழுத்தம் தங்க வைக்கும் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அது எமன், பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். மாற்றியவர் அந்த வால்வை எடுத்தாரா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் டிஸ்க் மாற்றம் செய்து பழகிய மெக்கானிக்கிடம் காட்டி, மாஸ்டர் சிலிண்டரே பொருத்தமானதா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி 4: ஒரு பக்கம் இழுக்கிறது

டயர் காற்று முதலில். அடுத்து அட்ஜஸ்ட்மென்ட். இரண்டும் சரியென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வண்டி இடது பக்கம் இழுத்தால் இடது பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, கோளாறு வலதில். பலர் இழுக்கிற பக்கத்தைத் திறந்து, நல்ல லைனிங்கை மாற்றிவிட்டு வருகிறார்கள்.

பிடிக்காத டிரம்மைத் திறந்து, உதவிக்கு ஒருவரைப் பெடலை ஒரு அங்குலம் மட்டும் மிதிக்கச் சொல்லி, பிஸ்டன் நகருகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் மிதித்தால் பிஸ்டன் வெளியே விழுந்துவிடும். நகரவில்லை என்றால் இறுகியிருக்கிறது. நகர்ந்தால் லைனிங்கைப் பாருங்கள். ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, அடுப்பில் காட்டி உலர்த்திப் போடுவார்கள். சூடு ஏறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும். ஆயில் பட்ட லைனிங் குப்பைக்குத்தான். மாற்றும்போது ஒரு ஆக்ஸிலில் இரு பக்கமும் சேர்த்து, ஒரே தயாரிப்பாகப் போடுங்கள்.

ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்று மாறி மாறி இழுத்தால் பிரேக்கைப் பிரிக்காதீர்கள். சஸ்பென்ஷன் புஷ், ஸ்டியரிங் முனைகள், பிளேட் ஸ்பிரிங் யு போல்ட் லூசா என்று பார்க்க மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை

மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும். இன்றைய கார் ஓட்டிப் பழகிய காலுக்கு அது கோளாறாகத் தெரியும். கோளாறா, இயல்பா என்று அறிய, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பலமாக மிதித்துப் பாருங்கள். நேராக, சுருக்கமாக நின்றால் இயல்பு.

நிற்கவில்லை என்றால் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளப்பாகியிருக்கலாம். கரட்டு எமரித்தாளை நனைத்துத் தேய்த்தால் சில சமயம் தேறும். விலை குறைவாகக் கிடைத்ததே என்று லாரிக்கான கடின லைனிங்கை ஒட்டியிருந்தாலும் இதே கதை. ரிவெட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட லைனிங் இல்லை என்றால் உடனே மாற்றுங்கள்.

பின்னால் வந்த, பூஸ்டர் உள்ள வண்டிகளுக்கு ஒரு சோதனை. இன்ஜினை அணைத்து ஐந்து முறை மிதியுங்கள். கடைசி மிதியை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேக்யூம் ஹோஸ், அதன் ஒருவழி வால்வு, பிறகு பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். டீசல் வண்டியில் வேக்யூம் தனி பம்ப்பிலிருந்து வருகிறது. பூஸ்டரைக் குற்றம் சொல்லும் முன் அந்தப் பம்ப்பைப் பாருங்கள்.

அறிகுறி 6: பெடல் காலை உதறுகிறது, அல்லது சத்தம்

உதறல் பெரும்பாலும் டிரம் வட்டம் தப்பியதால் வரும். அதற்கு முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், வீல் பேரிங் லூசாக இருந்தாலும் இதே உதறல்தான். டிரம்மை லேத்தில் கடையலாம், ஆனால் அளவு பார்த்து. டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருந்தால் அதற்குள். பொறிக்கவில்லை என்றால், ஆரம்ப அளவைவிட விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் என்பது கார்களுக்குப் பொதுவான எல்லை. ஏற்கெனவே கடைந்த டிரம்மா என்று அளந்து பார்க்காமல் லேத்துக்கு அனுப்பாதீர்கள். இரு பக்கமும் ஒரே அளவு கடைய வேண்டும். விரிசல் உள்ள டிரம் கடைசலுக்கு ஆகாது, புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ வேறு தேடுங்கள், வாங்கும்போதே சுண்டிப் பாருங்கள். நல்ல டிரம் மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டது 'தட்' என்று செத்துப்போகும்.

கீச்சென்ற சத்தத்துக்குத் தூசியைத் துடைத்து, லைனிங்கின் இரு முனையையும் அரத்தால் சாய்த்து விட்டால் பெரும்பாலும் அடங்கும். கரகரவென்று இரும்பு இரும்பில் உரசும் சத்தம் ரிவெட் டிரம்மை அறுப்பது. அதோடு வண்டியை ஓட்ட வேண்டாம்.

அறிகுறி 7: ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை, அல்லது விடவில்லை

நிற்கவில்லை என்றால் கேபிளை இறுக்குவதில் தொடங்காதீர்கள். பின் ஷூ அட்ஜஸ்டரை முதலில் சரிசெய்து, பிறகு கேபிள். மாற்றிச் செய்தால் ஷூ எப்போதும் உரசி நிற்கும். நெம்புகோல் நான்கிலிருந்து ஆறு 'கிளிக்'குக்குள் பிடிக்க வேண்டும்.

விடவில்லை என்றால், கடலோரத் தெருவில் நிற்கும் வண்டியில் கேபிள் உறைக்குள் துரு, அல்லது ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். இன்ஜின் பலத்தில் இழுத்து உடைக்காதீர்கள், லைனிங் உரிந்து வரும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் விளிம்பைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். இனி நாள்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

அறிகுறி 8: மழைத் தண்ணீரில் இறங்கி வந்தபின் பிரேக் இல்லை

வடகிழக்குப் பருவமழையில் கணேசபுரம் சப்வே போன்ற இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் டிரம்முக்குள் தண்ணீர் புகும். மேட்டுக்கு வந்ததும் முதல் கியரில் மெல்ல ஓட்டியபடி இடது காலால் பெடலை லேசாக அழுத்திக்கொண்டே நூறு, இருநூறு அடி போனால் சூட்டில் உலர்ந்து பிடிக்கத் தொடங்கும். அதோடு விட்டுவிடாதீர்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் முங்கியிருந்தால் அந்த வாரமே நான்கு டிரம்மையும் திறந்து, சேற்றை எடுத்து, வீல் பேரிங் கிரீஸையும் பாருங்கள். தண்ணீர் கலந்த கிரீஸ் பால்கோவா நிறத்தில் இருக்கும், முழுசாக மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும்

இன்ஜின் ஓடாமல் பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிஷம் பிடியுங்கள், இறங்கக் கூடாது. மிதித்தபடி இருக்கும்போதே உதவியாளர் டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டு, நிப்பிள், ஹோஸ் முனையையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்க்கட்டும். காகிதம் நனையாமல் வந்தால் தெரு முனை வரை நடக்கிற வேகத்தில் ஓட்டி, ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி மிதித்துப் பாருங்கள். பிறகு 20, பிறகு 40. புது லைனிங் டிரம்மோடு பொருந்தி உட்கார முதல் 200 கிலோமீட்டர் ஆகும், அதுவரை முன்வண்டியோடு இடைவெளி விட்டே ஓட்டுங்கள். 100 கிலோமீட்டரில் மறுபடி அட்ஜஸ்ட் செய்து, காகிதச் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள். கடலுக்குப் பக்கத்துத் தெருவில் நிற்கும் வண்டியானால் வருஷத்துக்கு ஒருமுறை.